மருந்துப் பெட்டி: இளநீர் குடிக்கலாமா, கூடாதா?

போன இதழில் ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைப் பற்றி எழுதும்போது, பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கும் நீர் மாத்திரை (ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை) சாப்பிடுகிறவர்கள் இளநீரை இஷ்டத்துக்குக் குடிக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த மாத்திரைக்கே. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் மருத்துவர் இல்லை. சிவகங்கை மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது கானாடுகாத்தானில் இருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மாமனாருக்குக் கால் வீக்கத்துக்கு முதலில் லாசிக்ஸ் கொடுத்தார்கள். அப்போது இளநீர் குடிக்கணும், வாழைப்பழம் சாப்பிடணும் என்றார்கள். பொட்டாசியம் சிரப் வேறு எழுதிக் கொடுத்தார்கள். இப்போது வேறு நீர் மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் இளநீர் வேண்டாம் என்கிறீர்கள். எதைக் கேட்பது?
– வாசகி, புதுவயல்

இரண்டையும் கேட்க வேண்டியதுதான் அம்மா. அவர்கள் சொன்னது அந்த மாத்திரைக்குச் சரி, நான் சொன்னது இந்த மாத்திரைக்குச் சரி. எல்லாவற்றுக்கும் நாம் ‘நீர் மாத்திரை’ என்று ஒரே பெயரை வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்த மாதிரி அட்ரீனல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வருகிறது. சிறுநீர் வெளியேறப் போகிற கடைசிக் குழாயில் நின்றுகொண்டு, ‘சோடியத்தை உள்ளே இழு, பொட்டாசியத்தை வெளியே தள்ளு’ என்று சொல்வது அதன் வேலை. சோடியம் உள்ளே வந்தால் கூடவே தண்ணீரும் வரும். காலில் வீக்கம், மூச்சில் இரைப்பு.

லாசிக்ஸ், அதாவது ஃப்யூரோசமைடு, அதற்கு வெகு முன்னாலேயே, குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் வேலை செய்கிறது. அங்கே சோடியமும் தண்ணீரும் நிறைய வெளியேறும், பொட்டாசியமும் அதோடு போய்விடும். ஆகவே இளநீர், ஆகவே சிரப். ஸ்பைரோனோலாக்டோன், எப்ளெரினோன் இரண்டும் அந்தக் கடைசிக் குழாயில் ஆல்டோஸ்டிரோனின் பேச்சு எடுபடாமல் செய்துவிடுகின்றன. அமிலோரைடு, ட்ரையாம்டெரீன் இரண்டும் சோடியம் உள்ளே வரும் வாசலையே நேராக அடைத்துவிடுகின்றன. இந்த நாலில் எதைச் சாப்பிட்டாலும் உப்பும் நீரும் வெளியே போகும், பொட்டாசியம் உள்ளே தங்கும். அது அளவுக்கு மேல் தங்கினால் இதயத் துடிப்பையே கெடுத்துவிடும்.

அந்தப் பழைய சிரப் பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை மாறிய பிறகும் சிரப்பை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாமல், மாதக்கணக்கில் இரண்டும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். லாசிலாக்டோன் 50 என்றால் அதில் ஃப்யூரோசமைடு 20 மில்லிகிராம், ஸ்பைரோனோலாக்டோன் 50 மில்லிகிராம். டைட்டார் பிளஸ் என்றால் லாசிக்ஸ் வகையைச் சேர்ந்த டோர்ஸமைடோடு ஸ்பைரோனோலாக்டோன். ஆல்டாக்டோன் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் மட்டும். காரைக்குடியில் ஒருவர் ஒன்றை எழுத, மதுரையில் இன்னொருவர் மற்றொன்றை எழுத, பெயர் வேறாக இருப்பதால் வீட்டில் இரண்டையும் கொடுப்பார்கள். உள்ளே போவது ஒரே மருந்து, இரண்டு மடங்கு.

கேள்வி: அத்தைக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது என்று ஸ்பைரோனோலாக்டோன் 25 கொடுக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று சிங்கப்பூரிலிருந்து என் கொழுந்தனார் சோடியம் குறைந்த உப்பு டப்பா நாலு அனுப்பியிருக்கிறார். சாதாரண உப்பு மாதிரியேதான் கரிக்கிறது. அத்தைக்கும் பிடித்திருக்கிறது. அதையே சமையலுக்குப் போடலாம்தானே?
– வாசகி, கண்டனூர்

தங்கச்சி, இதைப் படித்ததும் அந்த டப்பாவை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சோடியத்தைக் குறைத்தும் உப்பு கரிக்க வேண்டும் என்றால் அந்த இடத்தில் வேறு ஒன்றைப் போட்டாக வேண்டும். பெரும்பாலும் அது பொட்டாசியம் குளோரைடுதான். சில டப்பாவில் நாலில் ஒரு பங்கு இருக்கும், சிலவற்றில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்றில் இரண்டு பங்கு உள்ள உப்பில் ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், உடம்பில் சேர்ந்தால் 1,700 மில்லிகிராம் பொட்டாசியம் கூடுதலாக உள்ளே போகிறது. நாலு வாழைப்பழத்துக்குச் சமம், அதுவும் தினமும். வெளியே தள்ளுகிற வாசலை நாமே மாத்திரை போட்டுச் சாத்தி வைத்திருக்கும்போது அது எங்கே போகும்?

இது எனக்கு எப்படி மனப்பாடமானது என்று சொல்கிறேன். எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 74 வயதில் இதே மாத்திரை, இதே 25 மில்லிகிராம். கூடவே ராமிப்ரில், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய கொதிப்பு மாத்திரைதான். வெளிநாட்டிலிருந்து வந்த என் தம்பி, அப்பச்சிக்கு நல்லது என்று பெட்டியில் இப்படி ஒரு டப்பா கொண்டுவந்தான். ஆத்தா சமையல் உப்பு ஜாடியில் அதையே கொட்டி வைத்தார்கள். மூன்று வாரம் இருக்கும். ‘காலு ரெண்டும் கல்லாக் கனக்குது, எந்திரிக்க முடியல’ என்றார். வயசு என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், நாள் முழுக்க இந்த மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். நாலாம் நாள் காலை முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாடி பிடித்தேன், நிமிஷத்துக்கு 42. ரத்தத்தில் பொட்டாசியம் 6.8; 5 வரைதான் சரியான அளவு. ஈசிஜியில் அலைகள் கூம்பு மாதிரி உயர்ந்து நின்றன. இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி, அப்புறம் பொட்டாசியத்தை இறக்கக் குளுக்கோஸோடு இன்சுலின், மூக்கு வழியாக சால்பியூட்டமால் புகை. இரண்டு நாள் ஐசியூவில் இருந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு 9 வருஷம் எங்களோடு இருந்தார் என்பது எங்கள் பாக்கியம்.

அந்த மூன்று வாரமும் சாப்பாட்டு நேரத்தில் ஜாடி என் கண் முன்னால்தான் இருந்தது. டப்பாவைத் திருப்பி ஒரு தடவை படித்திருந்தால் போதும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று தெளிவாகப் போட்டிருந்தது.

சோடியம் குறைந்த உப்பே கெட்டது என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ரத்தக்கொதிப்பைக் குறைக்க அது உதவும். உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் பொதுவான மக்களுக்கு அதைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்தப் பரிந்துரையிலேயே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும், பொட்டாசியம் வெளியேறுவது தடைப்பட்டிருப்பவர்களையும் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் அத்தை அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார். அவருக்கு எப்போதும் போடும் உப்பையே அளவு குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், வடகம், மோர் மிளகாய் மூன்றையும் இலையிலிருந்து எடுத்துவிட்டாலே உப்பு பெருமளவு குறைந்துவிடும்.

இந்துப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதனால் பொட்டாசியம் ஏறாது; ஆனால் உப்பைக் குறைத்த பலனும் கிடைக்காது.

இத்தனை நாள் அந்த உப்பைச் சேர்த்துவிட்டதால் நாளைக்கே அத்தைக்கு ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். கால் கனக்கிறது, படபடப்பு, நெஞ்சில் ஒரு மாதிரி, தலை சுற்றல் என்று எதாவது சொன்னால் நாளை வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஈசிஜி எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். எதுவும் சொல்லாவிட்டாலும் பரிசோதனை வேண்டும். பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது.

கேள்வி: இதய மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இது லேபுக்காரர்களுக்கு வருமானமா, எனக்குத் தேவையா? போன தடவை 5.9 என்று வந்து எல்லாரையும் பயமுறுத்திவிட்டு, மறுநாள் எடுத்தால் 4.6 என்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

உங்களுக்குத் தேவை ஐயா. கோபம் புரிகிறது, ஆனாலும் தேவை.

1999-இல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. இதயம் மிகவும் பலவீனமான 1,663 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். உங்கள் சீட்டில் இந்த மாத்திரை இருப்பதற்குக் காரணம் அதுதான். யாராவது பயமுறுத்தினார்கள் என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

அதற்குப் பின் நடந்ததையும் கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்கள் நல்ல எண்ணத்தோடு எல்லாருக்கும் இதை எழுதத் தொடங்கினார்கள். அந்த ஆராய்ச்சியில் சிறுநீரகம் கெட்டவர்களைச் சேர்க்கவில்லை, சேர்த்தவர்களுக்கும் அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள். வெளியே அந்தக் கவனம் இல்லை. இதய பலவீனத்துக்காக ஒரு தடவை மருத்துவமனையில் இருந்து, ராமிப்ரில் வகை மாத்திரையும் சாப்பிட்ட முதியவர்களில், பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001-இல் ஆயிரத்துக்கு 11 பேர். அந்தக் கணக்கு 2004-இல் வெளியானது. மருந்தில் எந்த மாற்றமும் இல்லை. கூட இருக்க வேண்டிய கண்காணிப்புதான் இல்லாமல் போனது.

வழக்கமான முறை இதுதான். தொடங்கும் முன் ஒரு தடவை பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்ப்பார்கள். பொட்டாசியம் 5-க்கு மேல் இருந்தாலோ, சிறுநீரக வடிகட்டும் திறன் (லேப் தாளில் eGFR என்று இருக்கும்) 30-க்குக் கீழே இருந்தாலோ பொதுவாகத் தொடங்க மாட்டார்கள். தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை, முதல் மூன்று மாதம் மாதா மாதம், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மாத்திரை அளவு கூடினால் மறுபடியும் முதலிலிருந்து. 3.5-இலிருந்து 5 வரை சரியான அளவு. 5.5-ஐத் தாண்டினால் மாத்திரையைப் பாதியாக்குவார்கள் அல்லது நிறுத்தி வைப்பார்கள். 6-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் இன்னும் நெருக்கமாகப் பார்க்கச் சொன்னால், அப்படியே செய்யுங்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாள் ஐசியூவுக்குக் கட்டிய பணத்தில் அப்பச்சிக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் பார்த்திருக்கலாம்.

அந்த 5.9-க்கு வருவோம். ரத்தம் எடுக்கும்போது கையில் ரப்பரை இறுக்கிக் கட்டிவிட்டு, ‘மூடி மூடித் திறங்க’ என்றார்களா? அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து எண் ஏறிவிடும். சின்ன ஊசியில் வேகமாக இழுத்து ரத்த அணுக்கள் உடைந்தாலும், எடுத்த ரத்தம் வெகு நேரம் அப்படியே கிடந்தாலும் ஏறும். அடுத்த முறை கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள், மூடித் திறக்க வேண்டாம். அதற்காக, கூடிய எண் வந்தாலே லேப் பிழை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. உங்கள் மருத்துவர் மறுநாளே திரும்ப எடுக்கச் சொன்னது மிகச் சரி.

கேள்வி: 20 வருஷத்துக்கு மேலாகத் தை மாதம் காவடியோடு பழநிக்கு நடக்கிறேன். இப்போது 61 வயது. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றும் சாப்பிட்டும் கொதிப்பு இறங்காததால் ஆறு மாதம் முன்பு ஸ்பைரோனோலாக்டோன் 25 சேர்த்தார்கள். இப்போது கொதிப்பு நன்றாக இருக்கிறது. முழங்கால் வலிக்கு வழியில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் நடப்பது வழக்கம். இந்தத் தைப்பூசத்துக்கு நடக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

நடக்கலாமா என்பதை உங்களைத் தொட்டுப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு ரத்தம் பார்த்து, அந்தத் தாளோடு அவரிடம் போய், ‘இத்தனை நாள் நடை, ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம்’ என்று விவரமாகச் சொல்லுங்கள். ‘கோயிலுக்குப் போறேன்’ என்று மட்டும் சொன்னால் அவர் பஸ்ஸில் போவதாக நினைத்துக்கொள்வார். நானும் நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றும் பந்தலில் பல தை மாதம் நின்றிருக்கிறேன். இந்த நடையை விடுங்கள் என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். அதனால் எப்படிப் பத்திரமாக நடப்பது என்பதைச் சொல்கிறேன்.

முதல் பகை அந்த வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. டெல்மிசார்டன் ஏற்கெனவே ஆல்டோஸ்டிரோனைக் குறைத்திருக்கிறது, ஸ்பைரோனோலாக்டோன் மிச்சத்தைத் தடுத்திருக்கிறது, குளோர்தாலிடோனும் வியர்வையும் சேர்ந்து உடம்பு நீரை இறக்கியிருக்கின்றன. இதற்கு மேல் வலி மாத்திரையும் விழுந்தால் சிறுநீரகம் ஓரிரு நாளிலேயே திணறிவிடும், பொட்டாசியமும் ஏறும். போன வருஷம் வரை ஒத்துக்கொண்டது என்பது இந்த வருஷத்துக்குச் செல்லாது. போன வருஷம் இந்த நாலாவது மாத்திரை இல்லை.

வலிக்குப் பாராசிட்டமால் போடலாம். ஆனால் அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள். கடைகளில் பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரை நிறைய இருக்கிறது. ‘பாராசிட்டமால்னுதானே போட்டிருக்கு’ என்று வாங்கிவிடுவார்கள். வழியில் சேவைக்கு உட்கார்ந்திருக்கிற முகாம்களிலும் நல்ல மனதோடு வலி மாத்திரையும் ஊசியும் கொடுப்பார்கள். கூட்டத்தில் அவர்கள் கேட்க மறக்கலாம், நீங்கள் சொல்ல மறக்கக் கூடாது. ஒரு அட்டையில் உங்கள் நாலு மாத்திரைகளின் பெயரையும், ‘டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம்’ என்பதையும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். நீங்கள் மயங்கி விழுந்தாலும் அந்த அட்டை உங்களுக்காகப் பேசும்.

இளநீர்: 100 மில்லியில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம். நல்ல காய் ஒன்றில் 600, 700 வந்துவிடும். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைசலில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடைபாதையில் பக்தியோடு வெட்டி நீட்டும்போது மறுக்க மனம் வராமல் மூன்று நாலு குடித்துவிடுகிறோம். உங்கள் பொட்டாசியம் 4.5-க்குள் இருந்து மருத்துவரும் சரி என்றால் நாளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். தாகத்துக்குத் தண்ணீரும் நீர்மோரும்.

வழியில் வாந்தியோ பேதியோ வந்தால் அன்றைக்கு ஸ்பைரோனோலாக்டோனைப் போடாதீர்கள். மருத்துவருக்குப் போன் செய்து, டெல்மிசார்டனையும் குளோர்தாலிடோனையும் என்ன செய்வது என்று கேளுங்கள். பெரும்பாலும் வயிறு சரியாகி நன்றாகச் சாப்பிடும் வரை நிறுத்தச் சொல்வார்கள். இதைப் புறப்படும் முன்பே கேட்டு அந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. உட்கார்ந்து எழும்போது கண் இருட்டினால் காவடியை அடுத்தவர் தோளுக்கு மாற்றிவிட்டு உட்காருங்கள்.

திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் மறுபடி ஒரு தடவை ரத்தம் பாருங்கள்.

கேள்வி: இந்த மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் பிள்ளைகள் உருளைக்கிழங்கு கூடாது, கீரை கூடாது, தக்காளி கூடாது என்கிறார்கள். 68 வயதில் வெறும் ரசம் சாதம்தான் கதியா? பொங்கலுக்குக் கவுனி அரிசி உண்டா இல்லையா?
– ஆச்சி ஒருவர், பள்ளத்தூர்

உண்டு ஆச்சி, தாராளமாக உண்டு. சர்க்கரை நோய் இல்லை என்றால் கவுனி அரிசியில் ஒரு கிண்ணம் என் பங்குக்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

பிள்ளைகள் அன்பில் செய்கிறார்கள், ஆனால் அளவு மீறிவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் 5-க்குள் இருந்து சிறுநீரகமும் நன்றாக இருக்கிறவர்கள் காய்கறியையும் பழத்தையும் விலக்க வேண்டியதில்லை. ஒரு வாழைப்பழத்துக்குப் பயப்பட வேண்டாம். திடீரென்று கூடுவதுதான் ஆபத்து: தினம் ஒரு டம்ளர் கீரைச்சாறு, காலையில் முருங்கைக்கீரை சூப்பு, வெயிலுக்கு இரண்டு இளநீர் என்று புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்வது. சாறாகவும் சூப்பாகவும் இறக்கும்போது ஒரு கட்டுக் கீரையில் இருப்பது ஒரு டம்ளருக்குள் வந்துவிடுகிறது.

ரத்தத்தில் 5-க்கு மேல் வந்து, மருத்துவரும் குறைக்கச் சொல்லியிருந்தால் அப்போது சமையலில் கை வைக்கலாம். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் மசாலா போட்டு வறுங்கள். முழுசாகக் குக்கரில் வைத்து உரித்தால் பொட்டாசியம் அப்படியே உள்ளே இருக்கும். அரிசி களைந்த கழனித் தண்ணீரில் காய் போட்டு வைக்கும் நம் வீட்டு மண்டியில், காயிலிருந்து இறங்குவதெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஆகவே வெண்டைக்காயை அரித்து எடுத்துச் சாப்பிடுங்கள், சாற்றைச் சாதத்தில் நிறைய ஊற்றாதீர்கள். கீரைக்கும் அதேதான், வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுக் கடைந்தால் போதும்.

மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு போடுங்கள். உணவோடு சேர்ந்தால் நன்றாக உடம்பில் பிடிக்கும், ராத்திரி எழுந்து எழுந்து போக வேண்டியும் இருக்காது.

கேள்வி: ஆண், 55 வயது. எட்டு மாதமாக ஸ்பைரோனோலாக்டோன். மார்பு ஒரு பக்கம் வீங்கி, சட்டை உரசினாலே வலிக்கிறது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. புற்றுநோயோ என்று தூக்கம் வரவில்லை.
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்

தம்பி, முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த மாத்திரையில் இது தெரிந்த பக்கவிளைவு. நான் மேலே சொன்ன 1999 ஆராய்ச்சியில் மாத்திரை சாப்பிட்ட ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்தது. இந்த மருந்து ஆல்டோஸ்டிரோனோடு நிற்காமல் ஆண்மை ஹார்மோன் வேலை செய்யும் இடத்தையும் கொஞ்சம் மறித்துவிடுகிறது, அதனால் வருவது. எப்ளெரினோனில் இது மிகக் குறைவு, அமிலோரைடில் இந்தத் தொல்லை இல்லை. எதற்காக உங்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்பதைப் பார்த்து மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். மாற்றினால் மெல்லக் குறையும்.

ஒரு பக்கம் மட்டும் என்று எழுதியிருப்பதால் மருத்துவர் ஒரு தடவை கைவைத்துப் பார்க்கட்டும். கல் மாதிரி கட்டி, காம்பில் ரத்தம், தோல் இழுப்பு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வெட்கத்தால் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, இதயம் மோசமாகி வந்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம். இன்றிரவு மனைவியிடம் சொல்லுங்கள், நாளை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. நீர்க்கட்டிக்கும் முகத்தில் முடி வளர்வதற்கும் தோல் மருத்துவர் ஸ்பைரோனோலாக்டோன் 50 கொடுக்கிறார். இது இதய நோயாளி மாத்திரை ஆயிற்றே? தை முடிந்ததும் கல்யாணம்.
– வாசகி, கோட்டையூர்

நான் மேலே சொன்ன அதே குணம்தான், ஆண்மை ஹார்மோனை மறிப்பது, இங்கே பலனாக மாறுகிறது. தோல் மருத்துவர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். சிறுநீரகம் நன்றாக இருக்கிற, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாத இளம்பெண்ணுக்குப் பொட்டாசியம் ஏறும் பயம் மிகக் குறைவு.

ஆனால் கல்யாணத் தேதியை மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா? கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடாது. ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். மாத்திரை தொடரும் வரை கருத்தடை வேண்டும். குழந்தை வேண்டும் என்று நினைத்தால் அதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று மகள் மாத்திரை அட்டையை ஒளித்துவைத்துச் சாப்பிடும்படி விட்டுவிடாதீர்கள். நீங்களே உட்கார்ந்து அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லடைப்புக்கு ஒரு சிரப், நீர்க்கடுப்புக்கு ஒரு மாத்திரை, இரண்டும் கடையில் கேட்டு வாங்கினேன். ஏற்கெனவே லாசிலாக்டோன் சாப்பிடுகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?
– வாசகர், குன்றக்குடி

சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் காலம் போகவில்லை, கடைக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். சிரப் பாட்டிலில் பொட்டாசியம் சிட்ரேட் என்று இருந்தால் உங்களுக்கு அது வேண்டாம். நீர்க்கடுப்பு மாத்திரையில் ட்ரைமெத்தோபிரிம் என்ற பெயரைத் தேடுங்கள். சல்ஃபாமெத்தாக்ஸசோலோடு சேர்ந்து கோட்ரைமாக்ஸசோல் என்று வரும். ட்ரைமெத்தோபிரிம் அமிலோரைடு மாதிரியே சோடியம் வாசலை அடைக்கும். ஆன்டிபயாடிக் பெயரில் இன்னொரு பொட்டாசியம் நிறுத்தும் மாத்திரை. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் முதியவர்களுக்கு இந்தக் கூட்டு மிகவும் ஆபத்தானது. இது ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் மேற்கொண்டு போடாமல், இன்றைக்கே பொட்டாசியம் பார்த்துவிட்டு, உங்களுக்கு லாசிலாக்டோன் எழுதிய மருத்துவரிடம் போங்கள். நீர்க்கடுப்புக்கு வேறு ஆன்டிபயாடிக் இருக்கிறது, அவர் எழுதித் தருவார்.